சிம்மக்கல்லில் இருபத்துநாலு டிகிரி

மன்னார் வளைகுடாவில் எங்கள் மிதவைகள் பதினொன்று.
எண் வைத்தால் ஞாபகம் நிற்காதென்று
பஸ் நிறுத்தங்களின் பெயரை வைத்தோம்.
கோரிப்பாளையம் வேம்பாருக்குக் கிழக்கே,
காளவாசல் கீழக்கரைக்குத் தெற்கே.
ஒன்றுக்குத் தெப்பக்குளம் என்று வைத்துவிட்டு
அரைமணி நேரம் சிரித்தோம்.
முதலீட்டாளர் கேட்டார்,
கடல் கம்பெனி எதற்கு மதுரையில்?
வாடகை என்றேன்.
வேறு காரணம் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பைபாஸ் ரோட்டில் டயர் கடைக்கு மேல் மாடி.
ஆறு பேர், ஐந்து நாற்காலி.
நான் பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பேன்,
லீடு என்றால் அதுதான் போல.
காலை பத்தேகாலுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்:
நேற்று என்ன, இன்று என்ன, எது மறிக்கிறது.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் போடும் சத்தத்தில்
பாதி காதில் விழாது.
விழுந்த மாதிரித் தலையாட்டுவது
நான் கற்றுக்கொண்ட மேலாண்மை.

ஆனியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி
சிம்மக்கல் இருபத்துநாலு டிகிரி என்றது.
ஒரு மணி நேரம் முன்னால் இருபத்தொன்பது.
இவ்வளவு இறங்கினால் கருவிக் கோளாறு என்று
எங்கள் நிரல் அதை நம்பவில்லை.
தெரியாத கேள்விக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறவன் மாதிரி
பழைய எண்ணையே
ஒன்பது மணி நேரம் அனுப்பிக்கொண்டிருந்தது.
நாற்பத்தாறு படகுக்காரர்களின் போனில்
கடல் வெதுவெதுவென்று இருந்தது.
கடலில் இல்லை.
அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வந்திருந்தது.
டீசல் போட்டுப் போனவர்கள்
ஐஸ் பெட்டியில் ஐஸோடு திரும்பினார்கள்.

திங்கள்கிழமை எனக்கு முன்னால்
ஒச்சப்பன் வந்து உட்கார்ந்திருந்தான்.
சேர்ந்து நாலு மாதம். உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்.
"அந்த ரூல் நான் எழுதுனதுக்கா. பேப்பர் போட்டுர்றேன்."
காகிதத்தை மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தான்.
அந்த வரியைத் திறந்து காட்டினேன்.
எழுதியது அவன்.
கீழே, பார்த்து அனுமதித்தது நான்.
இரவு பதினொன்று நாற்பது, ஒரே சொல்: சரி.
அந்த நேரம் கையில் பன் பரோட்டா இருந்ததும்
சால்னா சொட்டாமல் விசைப்பலகையைத் தள்ளி வைத்ததும்
நினைவிருக்கிறது.
நிரல் நினைவில்லை.

ரெமிஜியுஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எங்களில் கடலோரத்தில் பிறந்தவன் அவன் ஒருவன்தான்.
நான் அப்பவே சொன்னேன் என்று
அவன் சொல்லவில்லை.
அதனால் நானே தேடினேன்.
சித்திரையில் ஒரு காலை, டயர்க் காற்றுக்கு நடுவே:
கச்சான் தொடங்குனா சில ராத்திரி தண்ணி சில்லுன்னு ஆயிரும்,
அதைத் தப்புன்னு தள்ளிரக்கூடாது.
டிக்கெட்டாகப் போடு, அப்புறம் பேசலாம் என்றிருக்கிறேன்.
போட்டிருக்கிறான். நானூற்றுப் பன்னிரண்டு.
முக்கியத்துவம்: குறைவு.
அதைக் குறித்ததும் நான்.

அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
கருவிக் கோளாறு என்று கை தானாக எழுதியது.
அழித்தேன்.
கவனக்குறைவு என்றால் யாருடைய என்று கேட்பார்கள்.
நீளமாகவே எழுதினேன்:
எங்களுக்குத் தெரிந்திருந்தது.
எனக்குச் சொல்லப்பட்டது. நான் கேட்கவில்லை.
முதலீட்டாளர் சுருக்கச் சொன்னார்.
சுருக்கவில்லை.

இப்போது நிரல் எதையும் தூக்கி எறிவதில்லை.
நம்ப முடியாத எண்ணுக்குப் பக்கத்தில்
சந்தேகம் என்று எழுதி, எண்ணையும் காட்டுகிறது.
ஒச்சப்பன்தான் மாற்றினான்.
பகலில், வரிவரியாகப் பார்த்தேன்,
இரண்டு இடத்தில் சண்டை போட்டோம்.
அவனுடைய காகிதத்தை
ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறோம்.

சாயங்காலம் டீ வந்தபோது கேட்டான்,
"ரெமி, சிம்மக்கல் எப்படி இருக்கும்?"
பஸ் ஸ்டாப்பா என்றேன்.
"இல்லக்கா. தண்ணில இருக்கறது."
நானும் பார்த்ததில்லை.
மூன்று வருடமாக அதன் காய்ச்சலை மட்டும் பார்க்கிறேன்.
ரெமிஜியுஸ் டீயைக் கீழே வைத்தான்.
"மஞ்சக் கலர். உங்க இடுப்பு உசரம்.
மேல எப்பவும் ஆலா உக்காந்து
பேண்டு வச்சிருக்கும்.
அப்பறம் இந்தக் கச்சான்ல..."
கீழே ஒரு லாரி டயருக்குக் காற்று ஏறத் தொடங்கியது.
கேக்கலை என்றேன்,
சத்தமாச் சொல்லு.